கச்சானும் கணினியும்

ஈழத்தின் கீழைக்கரையிலே, கல்முனை தொடக்கம் பொத்துவில் ஈறாக வாழும் மக்களுக்குக் 'கச்சான்' என்னும் சொல்லை எவரும் விளக்கவேண்டியதில்லை. நிலக்கடலைக்கும் அப்பெயர் வழங்குவதை ஈண்டு மறந்துவிடுவோமாக. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் நீரையெல்லாம் சொரிந்துவிட்டு, ஈரமிழந்து மறுபுறம் இறங்குகின்றது. இறங்குங்கால் அமுக்கம் மிகுதலால் வெப்பமேறி, கடற்காற்றையும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டு கரையை வந்தடைகின்றது. வயல்வெளி வெடிக்க, கிணற்று நீர் தாழ, நண்பகலில் வீதி வெறிச்சோடச் செய்யும் இக்காற்றே கச்சான் ஆகும்.

நாட்டுப்புறத்தார் நாவில் மட்டும் வழங்கிய இச்சொல் 1958ஆம் ஆண்டில் உலக வளிமண்டலவியலின் சொற்றொகுதியிலே இடம்பெற்றது. இலங்கைப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சார்ந்த ஜோர்ஜ் தம்பையாபிள்ளை, இங்கிலாந்தின் அரச வளிமண்டலவியற் கழகம் வெளியிடும் 'வெதர்' சஞ்சிகையில், கச்சானை அல்ப்ஸ் மலைச்சாரலின் 'போன்' காற்றோடு ஒப்பவைத்து ஒரு கட்டுரை வரைந்தார். இன்றும் வளிமண்டலவியல் அகராதிகளில் அச்சொல் காணப்படுகின்றது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே, 1954இல், இலங்கையின் மழைவீழ்ச்சி ஆண்டினுள் எவ்வாறு ஏறியிறங்குகின்றது என்பதைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் அவர் ஆராய்ந்திருந்தார். இவர் எடுத்தாண்ட கருவிகள் நிலப்படம், மழைப் பதிவேடு, வெப்பநிலை அட்டவணை ஆகியனவே. கலைப்பீடத்திலிருந்து வளிமண்டலத்தை நோக்கிய அறிஞர் இவர் என்பதை முதற்கண் மனங்கொள்ளுதல் வேண்டும்.

இன்றோ வளிமண்டல விஞ்ஞானி என்று ஒருவரைச் சுட்டுங்கால், பெரும்பாலும் கணினி மாதிரியுருக்களோடு மல்லாடும் ஒருவரையே கருதுகின்றோம். காற்றின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடுகளை எண்கணிதமாக மாற்றி, அவற்றைக் கணினி விளங்கும் மொழியில் எழுதி, விடையை மெய்யான வானிலையோடு ஒப்பிட்டுப் பிழை காண்பதே அவர்தம் தொழில். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அத்தொழிலுக்குள் எத்தகையோர் எவ்வழியே புகுந்தனர், எமது கரைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது என நோக்குவதே இக்கட்டுரையாகும்.

கடலோடு வாழ்ந்தோர் காற்றைக் கணித்தறிந்தமை புதிதன்று. 'மொன்சூன்' என்னும் ஆங்கிலச் சொல் அறபு மொழியின் 'மவ்சிம்' என்பதன் வழிவந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அஹ்மத் இப்னு மாஜித் என்னும் மாலுமி, இந்து சமுத்திரத் துறைகளிலிருந்து எக்காலத்தே பாய்விரித்தல் தகும் என்பதை விரிவாக எழுதிவைத்தார். 'அல்கோரிதம்' என்ற சொல்லோ அல்குவாறிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. இவ்விரு செய்திகளையும் மேடைதோறும் எடுத்தோதிப் பெருமைகொள்ளுதல் எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. பெருமைகொள்வதிற் பிழையில்லை, ஆயின் அதனோடு நின்றுவிடுதல்தான் எமக்கு உவப்பாயில்லை. மவ்சிம் பற்றிய அறிவு, சென்ற நூறாண்டுகளில் நிகழ்ந்தது இவ்வாண்டும் நிகழும் என்னும் அனுபவ அறிவாகும். வாடைக்காலத்திலே குடாக்கடலில் புயல் தோன்றலாம் என்று அது கூறும். வரும் வியாழக்கிழமை இரவு எக்கரையைப் புயல் தாக்கும் என்று கூறாது.

அதனைக் கூறுதல் இயலும் என முதன்முதல் தெளிவாக உரைத்தவர் நோர்வே நாட்டு வில்ஹெல்ம் பியர்க்னஸ் ஆவர். வளிமண்டலத்தின் இன்றைய நிலையைப் போதிய திருத்தமாக அறிந்து, அதனை ஆளும் பௌதிக விதிகளையும் அறிந்தால், நாளைய நிலையைக் கணித்துப் பெறலாம் என 1904இல் அவர் எழுதினார். விதிகள் தெரிந்திருந்தன, அவற்றின் சமன்பாடுகளைத் தீர்க்கும் வழி எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவ்வழியைத் தேடப் புகுந்த லூயிஸ் பிரை றிச்சர்ட்சனின் வரலாறு சற்று நின்று நோக்கற்பாலது. இவர் குவேக்கர் என்னும் கிறித்தவ சமயக் குழுவினர், போரை ஒப்பாதவர். முதலாம் உலகப் போரின்போது படையிற் சேராது, 1916 முதல் பிரான்சிலே காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் வாகனத்தின் சாரதியாய்ப் பணிபுரிந்தார். ஓய்வு கிடைத்த வேளைகளில், குளிர் நிறைந்த தங்குமிடத்தில் வைக்கோற் குவியலின்மேல் அமர்ந்து, 1910 மே 20ஆம் நாளின் வானிலையை ஆறு மணிநேரத்துக்கு முன்னோக்கிக் கணித்தார். ஆறு மணிநேரத்துக்கான அக்கணிப்பை முடிக்க ஏறத்தாழ ஆறு வாரங்கள் சென்றன. கைப்பிரதி 1917இல் போர்முனையில் தொலைந்து, பின்னர் பெல்ஜியத்திலே நிலக்கரிக் குவியலொன்றின் கீழே கண்டெடுக்கப்பட்டது.

விடையோ பெரும்பிழை. ஆறு மணிநேரத்தில் அமுக்கம் 145 மில்லிபார் உயரும் என்பது அவர் பெற்ற முடிவு. உண்மையில் அன்று அமுக்கம் பெரிதும் மாறவேயில்லை. கொடிய சூறாவளியின் மையத்திற்கூட அத்தகைய மாற்றத்தைக் காண்டல் அரிது. இருந்தும் 1922இல் வெளியிட்ட நூலில் அவர் அப்பிழையை மறைக்காது முழுமையாக அச்சிட்டார். எடுத்துக்கொண்ட தொடக்கத் தரவுகளில் காற்றும் அமுக்கமும் ஒன்றோடொன்று இசையாதிருந்தமையே பிழைக்குக் காரணம் என்பது பிற்காலத்தில் நிறுவப்பட்டது. அவ்விசையாமையை நீக்கிவிட்டு அதே கணக்கைச் செய்தால் ஏற்கத்தக்க விடையே கிட்டுகின்றது. உலகம் முழுவதன் வானிலையையும் காலத்தோடு ஒத்துக் கணிக்க 64,000 பேர் ஒரு பெருமண்டபத்தில் அமர்ந்து கணக்கிடவேண்டும் என்று அந்நூலில் அவர் கற்பனை செய்திருந்தார். 'கம்பியூட்டர்' என்னும் சொல் அக்காலத்திற் கணக்கிடும் மனிதரையே குறித்தது.

மனிதரின் இடத்தை இயந்திரம் பெற்றது 1950இல். ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எனியாக் என்னும் கணினியைக் கொண்டு ஜூல் சார்னி, ரக்னர் பியோர்டொப்ட், ஜோன் வொன் நொய்மன் முதலியோர் முதலாவது இலத்திரனியல் வானிலைக் கணிப்பைச் செய்தனர். சார்னி சமன்பாடுகளைச் சுருக்கி, றிச்சர்ட்சனை ஏமாற்றிய வேக அலைகளை முன்கூட்டியே வடித்துவிட்டார். இருபத்துநான்கு மணிநேர முன்னறிவிப்பைக் கணிக்க ஏறத்தாழ இருபத்துநான்கு மணிநேரமே பிடித்தது. வானிலை ஓடும் வேகத்தோடு மனிதனின் கணக்கும் ஓடத் தொடங்கிய நாள் அதுவெனலாம். அக்கணிப்பின் வலைப்புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்று 736 கிலோமீற்றர் தொலைவில் நின்றன; பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை எமது நாடு முழுவதுமே இரு புள்ளிகளுக்கிடையில் விழுந்து மறைந்துவிடும் என்பதைக் கொண்டு அவ்வலையின் பருமையை உய்த்துணரலாம்.

எனினும் எமது நாடு அம்முயற்சிகளில் இடம்பெறாமைக்கு வலையின் பருமை மட்டும் காரணமன்று. சார்னி கண்ட சுருக்கம், பூமியின் சுழற்சியால் எழும் கொரியோலிசு விசையும் அமுக்க வேறுபாடும் ஒன்றையொன்று ஏறத்தாழச் சமன்செய்யும் என்னும் கருத்தின்மேல் நின்றது. நடு அகலாங்குகளில் அது பொருந்தும். கல்முனையோ வட அகலாங்கு ஏழரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. ஆங்கு அவ்விசை 45 பாகையில் உள்ளதன் ஐந்திலொரு பங்கினும் குறைவு. வெப்பமண்டலத்தில் வானிலையை இயக்குவது பெரும்பாலும் முகில்களிலே நீராவி ஒடுங்கும்போது வெளிப்படும் மறைவெப்பம். முகிலோ எந்த வலைப்புள்ளிக்கும் அகப்படாத சிறுபொருள். ஆகவே ஐரோப்பாவின் பனிமழையைக் கணித்த மாதிரியுரு, மட்டக்களப்பு வாவிக்கு மேலெழும் இடிமுகிலின்முன் ஊமையாயிற்று.

இவ்விடர்ப்பாட்டைத் தம் வாழ்நாட் பணியாய் ஏற்ற ஒருவர் தமிழ்நாட்டவர் என்பது எம்மிடையே அதிகம் பேசப்படாத செய்தியாகும். திருவலம் நடராஜன் கிருஷ்ணமூர்த்தி 1932இல் சென்னையிற் பிறந்தார். திருவலம் என்பது வேலூரை அடுத்த ஊரின் பெயர். ஊர்ப்பெயரை முன்வைக்கும் தமிழ் வழக்கு அமெரிக்க ஆய்வேடுகளில் அவருடைய முதற்பெயராகவே பதிவாகிவிட்டது. டில்லியிலும் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1959இல் சிக்காகோவிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். உயர்வளியில் ஓடும் தாரைக்காற்றுக்களை ஆராய்ந்து தொடங்கிய அவர், 1967இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தை அடைந்து, வாழ்நாளின் இறுதிவரை அங்கேயே பணியாற்றினார்.

அவருடைய பணியின் உட்கிடையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாதிரியுரு ஒன்றை ஓடவிடுங்கால் முதற்கணத்தில் அதனுள் மழை இராது. காற்றும் ஈரமும் ஒன்றோடொன்று பழகிய பின்னரே அது மழை பெய்யத் தொடங்கும். வெப்பமண்டலத்தில் மழையே காற்றை இயக்குவதால், அத்தாமதம் முன்னறிவிப்பைத் தொடக்கத்திலேயே கெடுத்துவிடும். செய்மதி காட்டும் மழையைக் கொண்டு மாதிரியுருவின் ஈரத்தையும் வெப்பத்தையும் பின்னோக்கித் திருத்தி, மெய்யாகவே மழை பெய்துகொண்டிருக்கும் இடத்தில் அதுவும் மழை பெய்யும்படி தொடங்கச் செய்யும் முறையைக் கிருஷ்ணமூர்த்தியும் அவர் மாணவரும் 1991இல் வகுத்தளித்தனர். காற்றை அறிந்து மழையைக் கணிப்பதே நெடுநாள் வழக்காயிருக்க, மழையை அறிந்து காற்றைத் திருத்தும் இம்முறை பருவமழை நாட்டில் வளர்ந்தவருக்குத் தோன்றியமை எமக்கு வியப்பளிக்கவில்லை.

இடையில் எமது கரைக்கு வந்த பேரிடரை ஈண்டு குறித்தல் வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு, வங்காள விரிகுடாவில் வலுப்பெற்ற சூறாவளி மட்டக்களப்பை அண்மித்துக் கரையேறியது. நாட்டில் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களுள் பெரும்பகுதி அழிந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களிலே முதியோர் இன்றும் தம் பிள்ளைகளின் வயதை 'எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முந்தி, பிந்தி' என்றே கணக்கிடுவர். அந்நாளில் இங்குள்ள முன்னறிவிப்போர் பெரும்பாலும் நம்பியிருந்தவை செய்மதிப் படங்களும் கையால் வரைந்த வானிலைப் படங்களுமே. ஐரோப்பிய நடுத்தர வீச்சு வானிலை முன்னறிவிப்பு நிலையம் தன் முதலாவது நாளாந்தக் கணிப்பை வெளியிட்டது 1979 ஆகஸ்ட் 1ஆம் நாள். சூறாவளி கடந்து எட்டு மாதங்களுக்குப் பின்னர்.

காலத்தின் விந்தை ஒன்றுண்டு. அச்சூறாவளி ஓய்ந்து ஒரு வாரத்தில், 1978 டிசம்பர் 1ஆம் நாள், உலக வானிலைப் பரிசோதனை தொடங்கிற்று. செய்மதிகள், கப்பல்கள், மிதவைகள், வானூர்திகள் யாவற்றையும் ஓராண்டு முழுவதும் ஒருங்கே ஈடுபடுத்தி, வளிமண்டலத்தை அதுவரை கண்டிராத அளவில் நாடுகள் அளந்தன. அதன் பகுதியாகிய பருவக்காற்றுப் பரிசோதனை 1979 கோடையில் அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் நிகழ்ந்தது. அதனை முன்னின்று நடத்தியோருள் கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர். பருவமழை தொடங்கும்போது அரபிக்கடலிலே தோன்றும் சுழி பற்றி அத்தரவுகளைக் கொண்டு 1981இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்தாளப்படுகின்றது. எட்டு நாட்கள் முந்தித் தொடங்கியிருந்தால் எமது சூறாவளியும் அவ்வளவீட்டிற்குள் அகப்பட்டிருக்கும் என எண்ணாதிருக்க முடியவில்லை. அகப்பட்டிருப்பினும் அவ்வாண்டில் எவரையும் அது காத்திராது என்பதும் உண்மையே.

கிருஷ்ணமூர்த்தியின் பெயர் பரவலாக அறியப்படக் காரணமாயிருந்தது 1999இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் அவர் மாணவரோடு வெளியிட்ட 'மீத்தொகுதி' முறையாகும். அதனை எமது வயற்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். பெரும்போகத்துக்கு விதைக்குமுன் வட்டவிதானையார் மழைபற்றி மூவரைக் கேட்கிறார் என்க. ஒருவர் எப்போதும் மழையைக் கூட்டியுரைப்பவர். மற்றவர் மேற்குவெட்டையின் மழையைச் சரியாகச் சொல்லிக் கரையோர மழையிற் தவறுபவர். மூன்றாமவர் ஐப்பசியில் நம்பத்தக்கவர், மார்கழியில் நம்பத்தகாதவர். மூவரின் சொல்லையும் கூட்டி மூன்றால் வகுப்பது அறிவீனம். ஒவ்வொருவரின் பழைய பிழையையும் நினைவிற்கொண்டு, இன்ன இடத்திற்கு இன்னார் சொல்லுக்கு இவ்வளவு நிறை என வகுத்துக்கொள்வதே முறை. பல நாடுகளின் மாதிரியுருக்களைக் கிருஷ்ணமூர்த்தி இவ்வாறே கடந்தகாலப் பிழைகளால் நிறுத்து இணைத்தார். இணைந்த கணிப்பு தனித்த எந்த மாதிரியுருவினும் பொதுவாகத் திருத்தமாயிருந்தது. றிச்சர்ட்சன் தம் பிழையை அச்சிட்டார்; கிருஷ்ணமூர்த்தி பிழைகளையே மூலப்பொருளாக்கினார். 1985இல் றொஸ்பி பதக்கமும் 1996இல் சர்வதேச வானிலை நிறுவனப் பரிசும் பெற்ற அவர், 2018இல் காலமானார்.

கலைப்பீடத்து மாணவர் இவ்வரலாற்றைப் படிக்குங்கால் ஓர் ஐயம் எழுதல் இயல்பே. கணிதமும் பௌதிகமும் பயிலாதார்க்கு இத்துறையின் கதவு மூடியதுதானா? உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவைத் தெரிவுசெய்த பதினாறு வயதுப் பிள்ளை, அத்தெரிவோடு வகையீட்டுச் சமன்பாட்டைத் துறந்துவிடுகின்றது. அதன் பின்னர் பல்கலைக்கழகத்திற் புவியியல் பயின்று, காலநிலையியலில் ஈடுபாடு கொண்டு, தம்பையாபிள்ளை நின்ற இடம்வரை வரலாம். அதற்கப்பாற் செல்லப் பாலமில்லை.

இவ்வையத்திற்கு ஜகதீஷ் சுக்லாவின் வாழ்க்கை ஒருவாறு விடையாகின்றது. 1944இல் உத்தரப் பிரதேசத்தின் பாலியா மாவட்டத்து மிர்தா என்னும் மின்வசதியற்ற சிற்றூரிற் பிறந்தவர் அவர். அண்மையிலிருந்த எப்பள்ளியிலும் விஞ்ஞானம் கற்பிக்கப்படாமையால் உயர்பள்ளியில் அதனைப் பயிலாதவர். கணிதமும் சமற்கிருதமுமே அவர் சிறப்புற்ற பாடங்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான விஞ்ஞான நூல்கள் அனைத்தையும் ஒரே கோடை விடுமுறையிற் படித்துமுடிக்கும்படி தந்தையார் பணித்தார். அவ்வாறே படித்துக் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலப் புகுந்தார். பின்னர் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், எனியாக் கணிப்பை நடத்திய அதே சார்னியின் மாணவராய் 1976இல் கலாநிதியானார். வானிலையை இரு வாரங்களுக்கப்பால் நாள்வாரியாகக் கணித்தல் இயலாது என்பது எட்வேட் லொறென்சின் 1963ஆம் ஆண்டு ஆய்விலிருந்து விரிந்த முடிபு. ஆயினும் வெப்பமண்டலத்திலே கடற்பரப்பின் வெப்பமும் மண்ணின் ஈரமும் மெதுவாக மாறுவனவாதலின், ஒரு பருவத்தின் பொதுநிலையை மாதங்களுக்கு முன்னரே கூறலாம் எனச் சார்னியும் சுக்லாவும் 1981இல் எடுத்துரைத்தனர். அயனமண்டலம் கணிப்புக்கு அடங்காதது என்ற எண்ணத்தை அவ்வாய்வு பெரிதும் மாற்றியது.

ஒரு கோடை விடுமுறை எல்லார்க்கும் போதும் என நாம் கூறவரவில்லை. சுக்லாவிடம் கணிதம் முன்னரே இருந்தது. கணிதத்தை விட்டுவிட்டு இத்துறையின் மையத்தை எவரும் அடைந்ததில்லை. அதனை மழுப்பி உரைப்பது மாணவரை ஏமாற்றுவதாகும். பாலத்தை மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியே கட்டிக்கொள்ளவேண்டுமா, புவியியல் மாணவர்க்கென வகையீட்டையும் கணினி நிரலாக்கத்தையும் பீடமே கற்பிக்கலாமா என்பதே வினா. பின்னையது இயலுமென்பது எம் கருத்து. கருவிகளுக்கும் இன்று பஞ்சமில்லை. 1988இல் டில்லியில் நடுத்தர வீச்சு முன்னறிவிப்புக்கான தேசிய மையத்தை நிறுவிய காலத்தில், அதற்குரிய கிரே மீக்கணினியை வாங்க இந்தியா அமெரிக்காவோடு நெடுநாள் பேசவேண்டியிருந்தது. இன்று 'வேர்ஃப்' எனச் சுருக்கமாக வழங்கும் அமெரிக்க மாதிரியுருவை எவரும் விலையின்றிப் பெறலாம். எமது வளிமண்டலவியல் திணைக்களமும் அதனைப் பயன்படுத்துகின்றது. சமன்பாடுகளை நேராகத் தீர்க்காது, பல பத்தாண்டுத் தரவுகளைக் கற்று நாளைய வானிலையை உரைக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியுருக்களும் 2023 முதல் வந்துவிட்டன. அவற்றால் விஞ்ஞானியின் தேவை ஒழிந்துவிடும் என்போரும் உளர். அவர்கள் மாவடிப்பள்ளியை அறியாதவர்கள் என்றே நாம் கருதுகின்றோம்.

2024 நவம்பர் 26ஆம் நாள், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையிலுள்ள மாவடிப்பள்ளிப் பகுதியில், மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த சிறுவர் பலர் உயிரிழந்தனர். விரிகுடாவில் உருவான தாழமுக்கம் பற்றிய எச்சரிக்கை முன்னரே வெளியாகியிருந்தது, மாதிரியுருக்கள் தவறவில்லை. ஆயின் உலக மாதிரியுருக்களுள் சிறந்தவற்றின் வலைக்கட்டம் ஒன்று ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் அகலமுடையது. கல்முனையும் மாவடிப்பள்ளியும் சம்மாந்துறையும் அத்தகைய ஒரு கட்டத்திற்குள்ளோ இரண்டிற்குள்ளோ அடங்கிவிடும். அக்கட்டத்தில் இவ்வளவு மழை பெய்யும் என்று அது கூறும். மேற்கே பெய்த மழையும் குளங்களின் வான்நீரும் தாழ்ந்த வயல்வெளியிற் சேர்ந்து, எத்தனை மணிக்கு வீதியின்மேல் இடுப்பளவு ஓடும் என்று கூறாது. அதனைக் கூறவேண்டுமாயின் மாதிரியுருவின் உள்ளமைப்பையும், கல்லோயாப் படுகையின் வாய்க்கால்களையும், அவ்வீதியின் தாழ்வையும் ஒருங்கே அறிந்த ஒருவர் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மலைநாட்டுச் சரிவுகளிலும் இதே இடைவெளியே காணப்பட்டது: மழை பெரிதாய் வரும் என்பது தெரிந்திருந்தது, எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்பது தெரிந்திருக்கவில்லை.

எமது கரையில் 1996 முதல் இயங்கிவரும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் ஒலுவிலில் உள்ளது. புவியியல் அங்கே கற்பிக்கப்படுகின்றது. கணிதமும் பௌதிகமும் கணினியியலும் கற்பிக்கும் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வோர் கரையோர வீதியால் நிந்தவூரைக் கடந்து, காரைதீவிலே மேற்கே திரும்பி, மாவடிப்பள்ளி வழியே செல்வர்.